கழங்கும் காற்றாடியும்: நார்த்தாமலையில் ஒரு கோடை விடுமுறை

(இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் வீட்டுக்கு வீடு நிகழ்வது ஒன்றுதான். புத்தகப் பை ஆணியில் ஏறுகிறது. முதல் நாள் பிள்ளை வெயில் ஏறும் வரை உறங்குகிறது. இரண்டாம் நாள் தெருவை நாலு முறை அளக்கிறது. மூன்றாம் நாள், "அம்மா, பொழுதே போகலே" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அன்று தொடங்கிப் பள்ளி திறக்கும் வரை அந்த ஒரு வாக்கியத்துக்கு நாள்தோறும் விடை சொல்லியாக வேண்டும். நகரத்தில் அவ்விடை விலைக்குக் கிடைக்கிறது. கோடைப் பயிற்சி முகாம், நீச்சல் வகுப்பு, ஓவிய வகுப்பு என்று கட்டணம் கட்ட இயன்றவர்கள் கட்டுகின்றனர். இயலாதவர்கள் கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதில் பொருளில்லை. அடுப்படியில் வேலை இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலை போன்றதோர் ஊரில், கூலிக்குச் செல்லும் ஒரு தாய், கையில் மிகுதியாகக் காசில்லாத நிலையில், தன் பிள்ளையின் கோடையை எவ்வாறு நிரப்புகிறாள் என்பதே இவ்வுரையின் பொருள். இலக்கிய மேடைக்கு இது சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆனால் சிற்றிலும் சிறுதேரும் அம்புலியும் கழங்கும் இல்லாமல் பிள்ளைத்தமிழ் என்றொரு இலக்கிய வகையே இல்லை என்பதை நினைவிற்கொண்டால், பிள்ளையின் விளையாட்டு தமிழில் ஒருபோதும் சிறிய பொருளாக இருந்ததில்லை என்பது புலனாகும்.

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 17 கி.மீ. சென்று, கிளைச் சாலையில் திரும்பினால் நார்த்தாமலை. சுற்றிலும் ஒன்பது குன்றுகள். மேலமலை, கடம்பர்மலை, கோட்டைமலை, ஆளுருட்டிமலை, பொன்மலை, மண்மலை என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து சிதறிய துண்டுகளே இவை என்பது ஊர் வழக்கு. நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை என மருவிற்று என்பர் ஆய்வாளர். நாரதர் பெயரால் வந்தது என்பர் அடியார். வணிகக் குழுவினர் வாழ்ந்த பழைய நகரம் இது. இன்று பெரும்பாலோர் அறிந்திருப்பது பங்குனித் திருவிழாவால் பெயர்பெற்ற முத்துமாரியம்மன் கோயிலை. அத்திருவிழாக் கடையில் வாங்கிய மண் சொப்புச் சாமானும் ஊதலும்தான் பல வீடுகளில் அவ்வாண்டுக் கோடைக்கென்று காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுப் பொருள்கள். ஊதல் ஒரு வாரத்தில் உடைந்துவிடும். சொப்புச் சாமான் பெண்பிள்ளையின் கையில் இருந்தால் பள்ளி திறக்கும் வரை தாங்கும்.

விளையாட்டைப் பற்றிப் பேசுமுன் ஒரு செலவைச் சொல்லியாக வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளை பள்ளி நாள்களில் பகலுணவைப் பள்ளியிலேயே உண்கிறது. 1982இல் விரிவாகத் தொடங்கப்பெற்ற சத்துணவுத் திட்டத்தின் பயன் அது. 2022இல் தொடங்கிய காலையுணவுத் திட்டம், தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மற்றொரு வேளையையும் பள்ளியின் பொறுப்பாக்கிற்று. விடுமுறையில் அவ்விரு வேளையும் வீட்டு அடுப்புக்குத் திரும்பிவிடுகின்றன. பொம்மையின் விலை, முகாமின் கட்டணம் என்று கணக்கிடுவோர் பலர். கூலி வீட்டில் கோடை விடுமுறையின் முதற்செலவு சோறு. அச்செலவு போக மிஞ்சுவதில் விளையாட்டுக்கென்று ஒதுக்க ஒன்றும் இருப்பதில்லை. இந்நிலையில் செலவில்லா விளையாட்டு என்பது பழமைப் பற்றினால் வந்ததன்று. வேறு வழியின்மையால் வந்தது. வேறு வழியின்மையால் வந்ததாயினும் அது வளமாகவே இருக்கிறது என்பதுதான் வியப்பு.

கோடையின் சிறப்பு, விளையாட்டுக்கு வேண்டிய பொருள்களை அதுவே கொண்டுவந்து கொடுப்பது. மாசியிலும் பங்குனியிலும் புளி உலுக்கிக் கொட்டை நீக்குகின்றனர். விடுமுறை தொடங்கும்போது புளியங்கொட்டை மூலையில் குவிந்து கிடக்கிறது. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து என்று கொண்டால் எழுபது கொட்டை, பல்லாங்குழி ஆயத்தம். பலகை வேண்டுவதில்லை. வாசல் மண்ணில் குழிக்கரண்டியால் இரு வரிசையாக ஏழேழு குழி தோண்டினால் போதும். ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாக இட்டுச் சென்று, முடிந்த இடத்துக்கு அடுத்த குழியை அள்ளித் தொடர்ந்து, வெறுங்குழி கண்டவிடத்து அதைத் துடைத்து, அதற்கடுத்த குழியிலுள்ளதை எடுத்துக்கொள்வது ஆட்டம். குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு; உரியவர் எடுத்துக்கொள்வார். எந்தக் குழியிலிருந்து தொடங்கினால் எந்தக் குழியில் முடியும் என்பதை விரல் வைக்குமுன் கண்ணால் எண்ணிவிடுவதே இதன் திறன். வாய்பாட்டை மனப்பாடம் செய்யாத பிள்ளை, இரண்டு வாரத்தில் இக்கணக்கைப் போடத் தொடங்கிவிடுகிறது. அதே கொட்டைகளில் சிலவற்றை எடுத்துத் தரையில் ஒருபுறம் மட்டும் வெண்மை தெரியத் தேய்த்தால் தாயக்கட்டையும் ஆயிற்று. பல்லாங்குழிக்குக் குன்றிமணி அழகாக இருக்கும் என்று சிலர் எடுத்துக் கொடுக்கின்றனர். குன்றிமணியைக் கடித்து விழுங்கினால் உயிர்க்கே கேடு. சிறு பிள்ளை உள்ள வீட்டில் அது வேண்டியதில்லை. வாயில் எதையும் போட்டுக்கொள்ளும் வயதுப் பிள்ளை அருகில் இருந்தால் புளியங்கொட்டையும்கூடக் கண்காணிப்புக்குரியதே.

சித்திரையில் நுங்கு வருகிறது. நுங்கு வாங்கக் காசு வேண்டும். தோண்டித் தின்ற பின் எறியும் கூந்தலுக்குக் காசு வேண்டா. ஒத்த அளவுள்ள இரண்டு கூந்தல்களை ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, நடுவே கவட்டைக் குச்சியை வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தவர்க்குத்தான் அதன் நுட்பம் தெரியும். குச்சி கூந்தலின் நட்ட நடுவே இறங்காவிட்டால் வண்டி நொண்டும். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் வண்டி நேரே செல்லாமல் சிறியதன் பக்கமாகவே வட்டமிடும். ஏன் வட்டமிடுகிறது என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும் வரை பெரியவர் வாய் திறவாமல் இருப்பது நல்லது. அரிவாள் மட்டும் பெரியவர் கையிலேயே இருக்க வேண்டும். நாலைந்து நாளில் கூந்தல் வற்றிச் சுருங்கிவிடும். அதனால் இழப்பொன்றும் இல்லை. நுங்குக் கடைக்காரரின் குவியலில் நாளை வேறு இரண்டு கிடைக்கும்.

தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச் செல்ல முடியாத பிள்ளைகள் அதைக் கையால் இழுத்துக்கொண்டு திரிவதிலேயே மகிழ்ச்சி காண்பதைக் குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் உவமையாக்கினார். பட்டினப்பாலையிலும் மூன்று காலுடைய சிறுதேர் வருகிறது. ஆனால் அவையெல்லாம் தச்சனுக்குக் கூலி கொடுக்க வல்ல வீட்டின் தேர்கள். நுங்கு வண்டி எந்த உரையாசிரியர் கண்ணிலும் படாத தேர். செய்பவரும் ஓட்டுபவரும் ஒருவரே என்பதில் அது தச்சன் தேரினும் ஒருபடி உயர்ந்தது.

பனையோலைக் காற்றாடி, பூவரச இலைப் பீப்பி, இரண்டு தீப்பெட்டியை நூலால் இணைத்த தொலைபேசி என்று பட்டியல் நீளும். தீப்பெட்டித் தொலைபேசியில் நூல் தொய்ந்தால் பேச்சுக் கேளாது. இழுத்துப் பிடித்தால் கேட்கும். ஒலி நூலின் அதிர்வில் செல்கிறது என்னும் பாடம் அதில் அடங்கியிருக்கிறது. பாவாணர் 1954இல் வெளியிட்ட 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்னும் நூலில் இத்தகைய ஆட்டுகளை ஆண்பால், பெண்பால், இருபால் என்றும், பகலாட்டு, இரவாட்டு என்றும் வகுத்துத் தொகுத்தார். அவ்வகைப்பாட்டில் ஆண்பால், பெண்பால் என்னும் பிரிவு சிந்தனைக்குரியது; அதற்குப் பின்னர் வருதல் தகும்.

நார்த்தாமலைப் பிள்ளைக்கு மற்றவூர்ப் பிள்ளைக்கு இல்லாததொரு பேறு உண்டு. அஃது அம்மலை. காலை ஒன்பது மணிக்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறிய பாறை வெறுங்காலைச் சுட்டுவிடும். மேலமலையில் விசயாலய சோழீச்சுரம் என்னும் கற்றளி நிற்கிறது. அதன் வாசல் மேற்கு நோக்கியது. எதிரே பாறையைக் குடைந்த இரண்டு குகைகளும் கிழக்கு நோக்கியவை. ஒன்று பழியிலி ஈசுவரம் என்னும் சிவன் கோயில். மற்றொன்று சமணர் குடகு எனப்படுவது. பிள்ளையைக் கூட்டிச் செல்பவர்கள் பெரும்பாலும் மன்னர் பெயரையும் ஆண்டையும் சொல்லத் தொடங்கிவிடுகின்றனர். பிள்ளை அரை நிமிடத்தில் ஓணானைத் தேடிப் போய்விடுகிறது. அதைவிடக் கேள்விகளைக் கொடுப்பது பயன் தரும். சமணர் குடகின் உள்ளே சுவரில் திருமால் எத்தனை பேர் நிற்கின்றனர்? பன்னிருவர். சமணர் பெயர் கொண்ட குகையில் திருமால் எவ்வாறு வந்தார்? அதன் முன்னுள்ள அடித்தளத்தில் யானை எத்தனை, யாளி எத்தனை? சோழீச்சுரத்தைச் சுற்றிச் சிறு கோயில்கள் எட்டு இருந்தன. எஞ்சியவை எத்தனை, இல்லாதவை எந்த இடத்தில் நின்றிருக்கும்? வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். சதுரத்துக்குள் வட்டத்தை ஏன் கட்டினார்கள்? இக்கடைசி வினாவுக்குப் பெரியவர்களுக்கே விடை எளிதன்று. விடை தெரியாத ஒரு வினாவைப் பிள்ளையோடு சேர்ந்து நின்று பார்ப்பதில் இழிவொன்றும் இல்லை.

கதை வேண்டுமெனில் கல்வெட்டே கதை சொல்கிறது. செம்பூதி என்னும் இளங்கோவதியரையன் எடுப்பித்த இக்கோயில் மழையால் பழுதுற, மல்லன் விடுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தான் என்பது அதன் செய்தி. கல்லால் கட்டியதையும் மழை பழுதாக்கிற்று என்பது பிள்ளைக்குப் பெருவியப்பாக இருக்கும். பாறையில் பெயரைக் கீறுவதும் கரியால் எழுதுவதும் கூடா என்பதை அங்கேயே, அக்கல்லைக் காட்டியே சொல்லிவிடலாம். ஆளுருட்டிமலைக்கு அப்பெயர் ஏன் வந்தது என்று பிள்ளை தானே கேட்கும். குற்றம் புரிந்தோரை மேலிருந்து உருட்டிவிடுவராம் என்னும் வழக்குக் கதையைச் சற்றே மென்மையாக்கிச் சொல்வது இரவு உறக்கத்துக்கு நல்லது.

மலை ஏற இயலாத நாளில் வாசலிலேயே ஒரு வியப்பு உண்டு. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சியை நிலத்தில் நிறுத்தி, நண்பகலில் அதன் நிழல் முனையில் ஒரு கல்லை வைக்க வேண்டும். நார்த்தாமலை இருக்குமிடத்தில் உச்சிப்பொழுது கடிகாரத்தில் பன்னிரண்டு மணிக்கன்று, ஏறத்தாழ 12.15க்கு வருகிறது. ஏப்ரல் 17, 18 அளவில் ஞாயிறு நேர் உச்சியில் நிற்பதால் அப்பொழுது குச்சிக்கு நிழலே இராது. மலைமேல் நிற்கும் கோயிலைப் போலவே வாசலில் நிற்கும் குச்சியும் தன் காலடியை மட்டுமே கறுப்பாக்கும். அதன்பின் நிழல் தெற்கே விழத் தொடங்கும். மே முதல் நாளில் எட்டு செ.மீ. அளவு, மே இறுதியில் இருபது செ.மீ. அளவு. நிழல் வடக்கே விழுவதையே ஆண்டின் பெரும்பகுதி கண்டு பழகிய பிள்ளை, வரிசையாக நிற்கும் கற்கள் தெற்கு நோக்கி நகர்வதைக் காண்பது ஒரு திங்கள் முழுதும் நீளும் விளையாட்டு. நாளொன்றுக்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம். செருப்பணிந்து சென்று கல்லை வைத்துவிட்டு நிழலுக்குத் திரும்பிவிடலாம். இரவில் அதே வாசலில் கயிற்றுக் கட்டிலை இட்டுப் படுத்தால் வடக்கே எழுமீன் மண்டலம் உயர நிற்கும். மின்விளக்கு மிகாத சிற்றூரின் வானம், காசு கொடுத்தாலும் நகரத்தில் கிடைக்காத பொருள்.

இவ்வளவு சொல்லிய பின் அச்சத்தையும் சொல்லியாக வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் கல்லுக்குப் பெயர்பெற்றது. கல் எடுத்த இடங்களில் பள்ளங்கள் நிற்கின்றன. கைவிட்ட குவாரிப் பள்ளத்தின் விளிம்பு செங்குத்தானது. உள்ளே தேங்கிய நீர் தெளிவாகத் தெரியும், ஆழம் தெரியாது, ஏறி வரப் படி இராது. மலைச் சுனைகளும் அத்தகையவையே. மேலமலையில் உள்ள சுனை ஒன்றில் நீருக்கடியில் ஒரு குடைவரையும் அதனுள் ஒரு இலிங்கமும் உள்ளன. 1857இல் இராமச்சந்திரத் தொண்டைமானின் அரசி நீரை இறைப்பித்து அவ்விலிங்கத்தை வழிபட்ட செய்தியை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. நீரை இறைத்தால்தான் காண முடியும் அளவு ஆழம் என்பதைப் பிள்ளைக்கு உணர்த்த இதனினும் சிறந்த கதை இல்லை.

புறநானூற்றின் 243ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார், கோலூன்றித் தள்ளாடும் முதுமையில் நின்றுகொண்டு, நீர்த்துறை மரத்தின் கிளையிலிருந்து குதித்து மூழ்கி அடிமணலை அள்ளிக் காட்டிய இளமையை எண்ணி ஏங்குகிறார். இலக்கியச் சுவைஞர் அனைவரும் போற்றும் பாடல் அது, போற்றுதற்குரியதுதான். ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. மணலோடு மேலே வந்தவரே பிற்காலத்தில் பாட எஞ்சினார். மேலே வராத பிள்ளையின் பாட்டு எத்தொகையிலும் இல்லை. எனவே நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கரையில் நில்லாமல் எப்பிள்ளையும் நீரில் இறங்குதல் கூடாது. இந்த ஒரு விதியில் கோடை முழுதும் விலக்கு இருத்தல் ஆகாது.

அந்தப் பெரியவர் யார்? இங்குதான் 'செலவில்லாமல்' என்னும் சொல் இடறுகிறது.

காலையில் தாய் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குச் செல்கிறாள். தந்தை முன்னரே சென்றுவிட்டார். வீட்டில் ஏழு வயதுப் பையன். அவனுக்கு மூத்தவள் ஒருத்தி, பன்னிரண்டு வயதினள். வாசற்படி தாண்டுமுன் தாய் சொல்வது ஒன்றே: "தம்பியைப் பார்த்துக்கோ." அந்த ஒரு தொடரில் அப்பெண்ணின் ஐந்து வாரமும் அடங்கிவிடுகிறது. அவனுக்குச் சோறிடுபவள் அவள். நுங்கு வண்டிக்குக் குச்சி தேடிக் கொடுப்பவள் அவள். குவாரிப் பக்கம் போகாமல் தடுப்பவள் அவள். தடுத்தும் போய்விட்டால் மாலையில் ஏச்சுப் பெறுபவளும் அவளே. பையன் தெருவில் கிட்டிப்புள் ஆடுகிறான். அவள் திண்ணையிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டே ஐந்தாங்கல் ஆடுகிறாள். பெண்பிள்ளைகளின் ஆட்டங்களிற் பல ஓரிடத்தில் அமர்ந்தும், எழுந்து போகும்படி அழைப்பு வந்தால் எந்நேரமும் நிறுத்தக்கூடியனவாயும் இருப்பதற்குக் காரணம், அவர்களது இயல்பில் இல்லை. வீட்டின் ஏற்பாட்டில் இருக்கிறது. பாவாணர் பெண்பால் ஆட்டு என்று தொகுத்தவற்றை இந்நோக்கில் மீண்டும் படித்தல் தகும்.

ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றிற் பருவம் என்று ஒன்றுண்டு. சிறுமியர் மணலில் வீடு கட்டிச் சோறாக்கி விளையாடுகின்றனர். பாட்டுடைத் தலைவனாகிய பிள்ளை அதைக் காலால் சிதைக்க வருகிறான். சிதையாதே என்று அவர்கள் அவனிடம் இரக்கின்றனர். பாடல்களின் இனிமையில் மயங்கித் தமிழ்ச் சுவைஞர் பல நூற்றாண்டுகளாக அப்பிள்ளையின் குறும்பைப் பாராட்டி வந்துள்ளனர். சிதைந்த சிற்றிலை மறுபடி கட்டியவர் யார் என்று எப்புலவரும் பாடவில்லை. கட்டத் தெரிந்தவள் கட்டியிருப்பாள். அவளுக்கு அடுத்த நாளும் விடுமுறைதானே.

ஆக, புளியங்கொட்டைக்கும் நுங்குக் கூந்தலுக்கும் விலையில்லை என்பது உண்மை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நேரத்துக்கு விலை உண்டு. அதை அவ்வீட்டில் ஒருவர் செலுத்திக்கொண்டே இருக்கிறார். அது வேலையே என்பதைச் சட்டமே ஏற்றதுண்டு. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்துக்குத் தாய்மாருடன் வரும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ இருப்பின், அவர்களைப் பேண ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்றும், அவருக்கும் கூலி தர வேண்டும் என்றும் விதித்தது. பணியிடத்தில் மரத்தடியில் அமர்ந்து பிள்ளை பார்ப்பவருக்குக் கூலி. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பார்க்கும் பன்னிரண்டு வயதினளுக்கு, "ஒருநாள்கூட ஒழுங்காப் பார்க்கத் தெரியலியே" என்னும் ஏச்சு.

இதற்குத் தீர்வு பெரிய திட்டமொன்றும் அன்று. ஒரு தெருவில் நான்கு வீட்டுப் பிள்ளைகளை ஒரு வீட்டுத் திண்ணையில் சேர்த்து, முறை வைத்துப் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டால், மூத்த பெண்பிள்ளைகளுக்கு நாலில் மூன்று நாள் விடுதலை. ஆட்டத்துக்கும் ஆள் சேரும். ஒற்றைப் பிள்ளைக்குத்தான் பொழுது போவதில்லை. மாலையில் வேலைவிட்டு வரும் தந்தை ஒருமணி நேரம் மகனை மலையடிவாரத்துக்கு அழைத்துச் சென்றால் அவர் மதிப்பு குறைந்துவிடாது. நீந்தக் கற்பிப்பதாயின் அதுவும் அவர் கடமையே, மகளுக்கும் சேர்த்து. பகலில் திண்ணைக்குத் தக்க தலைமை, வீட்டிலிருக்கும் பாட்டிமார். ஆடுபுலி ஆட்டத்தில் அவர்களை வெல்வது எளிதன்று. இருபத்துமூன்று புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆடு தாண்டாது. பொறுமையற்ற பையன் எப்போதும் புலியையே கேட்பான். பாட்டி ஆடுகளை ஒவ்வொன்றாக, இடைவெளி விடாமல், அவசரமே இல்லாமல் இறக்கிக்கொண்டு போவார். அரைமணி நேரத்தில் மூன்று புலியும் அசைய இடமின்றி நிற்கும். "இன்னொரு ஆட்டம் அப்பத்தா" என்று அவன் சொல்லும்போது பொழுது போகவில்லை என்னும் பேச்சு எங்கே போயிற்று என்று தெரிவதில்லை.

அந்த அப்பத்தாக்களைப் பற்றி ஒரு சொல். 1991, 92ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் சீலாராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தோடு சைக்கிளும் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கானோர். கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் அவர்களுள் இருந்தனர். பெண்கள் சைக்கிளில் சென்றதைக் கண்டு நகைத்தவர்களும் இருந்தனர். அன்று இருபத்தைந்து வயதில் ஹேண்டில் பாரைப் பிடித்தவர்கள் இன்று அறுபதை நெருங்கியும் கடந்தும் திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். பேரப்பிள்ளைகள் பலருக்கு இச்செய்தி தெரியாது. பாட்டி பிறந்தபோதே பாட்டியாகப் பிறந்தாள் என்பதே பிள்ளைகளின் எண்ணம்.

இன்று சைக்கிளுக்கும் பெரிதாக அலைய வேண்டியதில்லை. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பதினொன்றாம் வகுப்புப் பயில்வோர்க்கு அரசு விலையின்றி வழங்குகிறது. உறவிலோ தெருவிலோ ஓர் அக்காள் அதை வைத்திருப்பாள். விடுமுறையில் அது சுவரில் சாய்ந்தே நிற்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல், பாறையின் சூடு தணிந்த நேரத்தில், மாரியம்மன் கோயில் பக்கத்து மண்சாலையில் அதை உருட்டிக்கொண்டு வரும் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். பின்னாலேயே தம்பி ஓடிவருகிறான். அவனுக்குப் பின்னால் பாட்டி. பெண் கால் ஊன்றி நின்று, பழக்கத்தால் திரும்பித் தம்பி எங்கே என்று பார்க்கிறாள். பாட்டி ஒரு கையால் சைக்கிளின் கேரியரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பையனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார்.

"அவன் எங்கிட்டே இருக்கான் தாயி. நீ முன்னாலே பார்த்து மிதி."